ஈரத்துக்கு டாம்ப்பா, மாய்ஸ்ட்டா?

சமையல் குறிப்புகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் நண்பர்களே, அதிரசத்தில் ஒரு சொல் இடிக்கிறது.

"பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் நிழலில் பரப்பி, ஈரம் இருக்கும்போதே அரைக்கவும்." இந்த ஈரத்துக்கு 'டாம்ப்' போடுவதா, 'மாய்ஸ்ட்' போடுவதா?

'வெட்' ஆகவே ஆகாது. படிப்பவர் தண்ணீர் சொட்டச் சொட்ட அரைத்துவிடுவார். பாகில் சேர்த்ததும் மாவு நீர்த்து, எண்ணெயில் போட்டால் பிரிந்துபோகும். 'ஹ்யூமிட்' காற்றுக்கு உரியது, அதை விடுங்கள்.

'மாய்ஸ்ட்' என்றால் உள்ளே பரவி நிற்கிற, வேண்டிய ஈரம். கேக், தோட்டத்து மண், புட்டு மாவு. பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிரும் பதம். 'டாம்ப்' என்பது தொட்டால் தெரிகிற லேசான ஈரம். பிழிந்த துணிக்கு அது பொருந்தும். சுவருக்குப் போட்டால் ஓதம், பூஞ்சை வாடை. கேக்கை டாம்ப் என்றால் சுட்டவர் முகம் சுருங்கிவிடும்!

பரப்பிய அரிசியை அள்ளினால் உள்ளங்கை நனையும், ஆனால் சொட்டாது. நாலைந்து அரிசிமணி கையில் ஒட்டும். அதனால் அரிசிக்கு டாம்ப், அரைத்த மாவுக்கு மாய்ஸ்ட் என்று எனக்குப் படுகிறது. ஒரே குறிப்பில் இரண்டும் வந்தால் வாசகர் குழம்புவாரா? 'ஸ்டில் டாம்ப் டு த டச்' என்று நீட்டினால் தெளியுமா? ஆங்கிலச் சமையல் நூல்களுக்குப் பிரதி திருத்தியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.