சனி இவ்வளவு சின்னதாகத்தான் தெரியுமா?

கோபிக்காரன்:
70 மி.மீ. டெலஸ்கோப் வாங்கியிருக்கிறேனுங்க, குவியத் தூரம் 700. பெட்டியில் 525 மடங்கு என்று போட்டு, வண்ணமாகச் சனியின் படம் வேறு. மொட்டை மாடியில் பார்த்தால் மிளகு அளவுதான் இருக்கிறது. லென்ஸில் கோளாறா?

உடுமலை வாத்தியார்:
கோளாறெல்லாம் இல்லை தம்பி. அந்த 525ஐ மறந்துவிடுங்கள், 70 மி.மீ. லென்ஸுக்கு 140 மடங்குதான் உச்சம், அதற்கு மேல் போனால் பெரிதாகும், கூடவே மங்கிக் குழம்பும். 10 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) 70 மடங்கு கிடைக்கும், வளையத்துக்கு அது போதும், பக்கத்தில் சனியின் நிலவு டைட்டன் ஒரு புள்ளியாகத் தெரியும். ஆனால் 2025ல் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது, அதற்கப்புறம்தான் மெல்ல விரிகிறது. பெட்டியில் இருப்பது விண்கலம் எடுத்த படமாக இருக்கும், அச்சடித்தவர்களைச் சொல்ல வேண்டும்.

பொள்ளாச்சி:
பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் ராத்திரி வெப்பம் விடும், பிம்பம் அலைபாயும். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு, ஆடி மாதத்தில் ஸ்டாண்டே ஆடும். மண் தரையில் வைத்து, கோள் நன்றாக உயர ஏறியதும் பாருங்கள். முதலில் வியாழன்: நான்கு நிலவுகள், இரண்டு பட்டைகள். செவ்வாய் ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை நெருங்கும்போது தவிர வெறும் சிவப்புப் பொட்டுதான்.

கோபிக்காரன்:
சரிங்கண்ணா. கடைக்காரர் ஐபீஸோடு சேர்த்து இன்னும் 3 மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் வாங்கச் சொல்கிறார், வேண்டுமா?

உடுமலை வாத்தியார்:
வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல 6 மி.மீ. ஐபீஸ் ஒன்று வாங்குங்கள்.