ஸ்பூனைக் கொடுத்தால் நாற்காலியைத் தேடிப் போனாள்

பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத 6 வயதுப் பெண்ணுக்குச் சொற்களைத் தொடுகையாலும் சைகையாலும் கற்பிக்கிறோம். சாப்பாட்டுக்கு முன் கையில் ஸ்பூன், கூடவே 'சாப்பாடு' சைகை. சில வாரங்களில் ஸ்பூன் பட்டதுமே நாற்காலிக்கு நடந்தாள். சொல் வந்துவிட்டது என்று பதிவேட்டிலும் ஏறியது. ஒருநாள் வேறு அறையில் தட்டைப் பக்கத்தில் வைத்து ஸ்பூனைக் கொடுத்தோம். தட்டைத் தொடவே இல்லை. சுவரைத் தடவித் தடவி அந்தப் பழைய நாற்காலிக்கே போய் உட்கார்ந்தாள். அவளுக்கு ஸ்பூன் என்றால் நாற்காலி!

*

மேலே எழுதியவருக்கு: சிறுவயதிலேயே பார்வையும் கேட்கும் திறனும் இழந்த ஹெலன் கெல்லருக்கும் குவளையும் தண்ணீரும் குழம்பித்தான் கிடந்தன. குடிக்கும்போது இரண்டும் சேர்ந்தே கைக்கு வருமே. 1887 ஏப்ரலில் ஆசிரியை ஆன் சல்லிவன் அவரைப் பம்படிக்கு அழைத்துப்போய், ஒரு கையில் நீர் வழிய வழிய மறுகையில் 'water' என்ற சொல்லின் எழுத்துகளை விரலால் உணர்த்தினார். நீங்களும் பிரித்துக் காட்டுங்கள்: ஸ்பூனை மூன்று இடங்களில் கொடுங்கள், அதே நாற்காலியில் சாப்பாடு இல்லாத வேலை இரண்டு செய்யுங்கள்.

*

மேலே பதில் சொன்னவரின் 'மூன்று இடம்' என்பதை ஏற்க முடியவில்லை. அடுத்தது என்ன என்று எதிர்பார்க்கக் குழந்தை பழகும்வரை இடம், நேரம், ஆள் எதுவும் மாறக்கூடாது. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதைவிடப் பெரிய தவறு, அவள் கையைப் பிடித்து ஸ்பூனில் அழுத்துவது. உங்கள் கை அடியில், அவள் கை மேலே. விலக்கிக்கொள்ள அவளுக்கு வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விரல்களை மடக்கிக்கொள்வாள், அப்புறம் எந்தச் சொல்லும் உள்ளே போகாது. கொடுத்தபின் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். நடுவில் மறுபடி சைகை செய்தால் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பயணத்துக்கு அடையாளமாகப் பொம்மைப் பேருந்து கொடுப்பவர்களுக்கும் ஒன்று: கண்ணுக்குத்தான் அது பேருந்து, விரலுக்கு வெறும் பிளாஸ்டிக் கட்டி. தினமும் தொடும் சீட் பெல்ட்டின் ஒரு துண்டைக் கொடுங்கள்.

*

எங்களிடம் இருப்பது வேறொரு குழந்தை: காது கேளாத, கண் தெரியும் பையன். பந்தை உருட்டிவிட்டு 'பந்து' என்று சைகை காட்டினால் கண் பந்தோடு ஓடிவிடும், சைகையைப் பார்க்க ஆளில்லை. பந்தை முகத்துக்கு அருகில் வைத்துச் சைகை முடிந்தபின் உருட்டினோம். நான்காம் நாள், கையிலேயே வைத்திருந்த பந்தைப் பார்த்து அவனே சைகை காட்டினான்.

*

முதலில் எழுதியது நான்தான். எங்கள் 6 வயதுப் பெண்ணின் நாற்காலியில் இப்போது களிமண் வேலையும் நடக்கிறது, அதற்கு அடையாளம் ஒரு களிமண் துண்டு. நேற்று அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஸ்பூனைத் தள்ளிவிட்டாள்.