செஸ்னா 172 எம்: எல்.இ.டி. விளக்கு விட்டு விட்டு அணைகிறது, புது டயரில் காற்று நிற்கவில்லை

கீழக்கரை172:

எல்லாருக்கும் சலாம், வணக்கம். என்னுடையது 14 வோல்ட் செஸ்னா 172 எம், ஒற்றை என்ஜின் சிறு விமானம். இப்போது மதுரையில் ஷெட்டுக்குள் நிற்கிறது. அதற்கு முன் 14 மாதம் கடலோரத்தில் திறந்தவெளியில் கிடந்தது, உப்புக்காற்று நன்றாகவே குடித்திருக்கிறது.

முதல் கோளாறு விளக்கு. மூக்குக் கவுலில் (என்ஜின் மூடியில்) இருந்த 4509 லேண்டிங் லைட் பல்பு எட்டு பத்து மணி நேரத்துக்கு ஒன்று போய்க்கொண்டே இருந்தது. அதை எடுத்துவிட்டு பார்-36 அளவு எல்.இ.டி. போட்டோம். எஸ்.டி.சி. (விமானத்தில் மாற்றம் செய்வதற்கான அனுமதிச் சான்று) நகலும் 8130-3 படிவமும் (பாகத்தின் தகுதிச் சான்று) கையில் இருக்கின்றன. என்ஜின் ஓடாதபோது பளிச்சென்று எரிகிறது. 1,000 ஆர்.பி.எம்.மில் சிமிட்டுகிறது. 1,700 தாண்டினால் ஓரிரு நொடி அணைந்து திரும்ப வருகிறது. விளக்கு எரியும்போது ரேடியோவில் சர்ரென்ற இரைச்சல், ஸ்குவெல்ச் (பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடைத்துவைக்கும் அமைப்பு) தானாகத் திறந்துகொள்கிறது.

இரண்டாவது டயர். மெயின் சக்கரம் இரண்டும் 6.00-6 அளவு, டயரை 4 பிளையிலிருந்து 6 பிளைக்கு (பிளை என்பது டயரின் வலிமை அளவு) மாற்றினேன், ட்யூப் பழசு. ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) லீவில் இருந்ததால் இரண்டு சக்கரத்தையும் டிக்கியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்து, ஈ.சி.ஆரில் ஒரு பஞ்சர் கடையில் மாட்டினேன் (திட்டுவீர்கள், தெரியும்). 42 பி.எஸ்.ஐ. காற்று அடித்தேன். இடது பக்கம் மூன்று நாளில் 20க்கு வந்துவிட்டது. டாக்ஸி செய்து (விமானத்தைத் தரையில் ஓட்டி) பிரேக் பிடித்துப் பார்த்த பிறகு அதன் வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பறக்கவில்லை.

சீமைக்கருவேல முள்ளுக்குப் பயந்து சீலன்ட் ஊற்றலாமா? 7.00-6 போடலாமா?

பாம்பன்வாடை:

பாய், விளக்குக்கு ஏன் இவ்வளவு செலவு? மண்டபத்தில் போட்டுக்கு மாட்டுகிற எல்.இ.டி. பார் 12 வோல்ட்தான். உப்புத் தண்ணீரிலேயே தாங்குகிறது. பக்கத்திலேயே வி.எச்.எஃப். செட்டும் இருக்கிறது, ஒரு இரைச்சலும் கேட்டதில்லை.

உச்சிப்புளிக்காரர்:

வாடைத் தம்பி, போட்டில் இரைச்சல் கேட்காததற்குக் காரணம் விளக்கு நல்லது என்பதல்ல. மரைன் செட் 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம் எஃப்.எம்.மில் பேசுகிறது. அலையின் உயரத்தில் ஏறுகிற குப்பையை எஃப்.எம். ரிசீவர் பெரும்பாலும் வெட்டி எறிந்துவிடும். விமான ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏ.எம்.; அங்கே குப்பையும் பேச்சும் ஒரே கதவு வழியாகத்தான் வரும். காகிதம் இல்லாத விளக்கை மாட்டினால் எந்த ஏ.எம்.இ.யும் கையெழுத்துப் போடமாட்டார் என்பது வேறு.

கீழக்கரைத் தம்பிக்கு. உங்கள் புது விளக்கில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. எனக்குச் சந்தேகம் எர்த் மேல்தான். பழைய பல்பு அந்தக் குறையை மூடி மறைத்து வந்திருக்கிறது. 100 வாட் இழை ஒருமுறை சூடேறிவிட்டால், அதிர்வில் கனெக்‌ஷன் ஓரிரு மில்லி நொடி விட்டாலும் ஒளி குறையாது, சூடு தாங்கிக்கொள்ளும். எல்.இ.டி.க்குள் இருக்கும் டிரைவருக்கு (கரண்டைச் சீராக்கும் சர்க்யூட்) அந்தச் சூடு கிடையாது. வோல்ட் கீழே விழுந்த நொடியே அணைத்து மறுபடி ஆரம்பிக்கும். நீங்கள் பார்க்கிற அந்த ஓரிரு நொடி அதுதான்.

சோதிக்கும் முறை. எல்.இ.டி.யைக் கழற்றி, எரியும் நிலையில் உள்ள பழைய 4509 ஒன்றை அதே வயரில் மாட்டுங்கள். எல்.இ.டி. இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான், அதை வைத்து அளந்தால் கெட்ட ஜாயின்ட்டும் நல்லதாகத் தெரியும். 4509 ஏழு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஒளிந்திருப்பது வெளியே வரும். மாஸ்டர் சுவிட்சும் லேண்டிங் லைட்டும் ஆன், என்ஜின் ஆஃப். புரொப்பெல்லர் வழியில் யாரும் நிற்கக்கூடாது, மேக்னெட்டோ (என்ஜினைப் பற்றவைக்கும்) சாவி கையில் இருக்கட்டும். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: பஸ் பாரிலிருந்து விளக்கின் பிளஸ் வரை ஒன்று, விளக்கின் மைனஸிலிருந்து பேட்டரி மைனஸ் வரை இன்னொன்று. இரண்டையும் கூட்டுங்கள். ஏசி 43.13-1பி (அமெரிக்க எஃப்.ஏ.ஏ.வின் பராமரிப்பு வழிகாட்டி) சொல்கிற எல்லை 14 வோல்ட் அமைப்புக்கு, தொடர்ந்து ஓடும் சுமையானால் 0.5 வோல்ட், விட்டு விட்டு ஓடுவதானால் 1 வோல்ட். எல்.இ.டி. போட்டபின் நீங்கள் பகலிலும் எரியவிட்டேதான் பறப்பீர்கள். நம் நாட்டில் பொதுவாக இரவில் வி.எஃப்.ஆர். (கண்ணால் பார்த்துப் பறப்பது) கிடையாது, பறவைக்கும் பக்கத்து விமானத்துக்கும் நாம் தெரிவதற்குத்தான் இந்த விளக்கு. அதனால் 0.5 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் பக்கம் அதிகம் விழுந்தால் சுவிட்ச், பிரேக்கர், கவுலைக் கழற்றும்போது பிரிக்கிற அந்த பிளக். மைனஸ் பக்கம் விழுந்தால் எர்த் லக் (வயர் நுனியில் போல்ட் போடுகிற வளையம்). உப்புக்காற்றில் முதலில் சாவது அதுதான். செம்பு லக்கும் அலுமினியத் தகடும் சேருகிற இடத்தில் வெள்ளை மாவு பூத்திருக்கும். மேலே பார்த்தால் போல்ட் இறுக்கமாகவே தெரியும், கழற்றினால்தான் வண்டவாளம்.

இன்னொன்று. இழைப் பல்புக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது, எல்.இ.டி.க்கு உண்டு. எரிகிறது என்பதால் சரியாகத்தான் மாட்டியிருக்கிறீர்கள். ஆனால் வயரில் அடையாளம் கட்டிவையுங்கள், அடுத்து கவுலைக் கழற்றுகிறவருக்கு உதவும்.

தேவிபட்டினம்_பி1.2:

டயருக்கு வருகிறேன். முதலில் ஒன்று: அந்த இரண்டு சக்கரமும் திறந்து பார்க்கப்படாமல் ஓடுபாதைக்குப் போகக்கூடாது. வலது பக்கம் காற்று நிற்கிறது என்பதால் அது நல்லது என்று ஆகாது.

பஞ்சர் கடையில் என்ன நடந்திருக்கும் என்று நீங்கள் எழுதாமலே தெரிகிறது. டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர், போல்ட்டுக்கு இம்பாக்ட் கன். சரியா?

இது இரண்டாகப் பிரிகிற சக்கரம். லீவரும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். சோப்பு பீடுக்கும் (சக்கரத்தில் உட்காருகிற டயர் விளிம்பு) சக்கரத்துக்கும் நடுவில் தங்கிவிட்டால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் நிற்கும், டயர் நிற்காது, கொஞ்சம் சுற்றிவிடும். காற்று 20க்கு இறங்கியிருந்தால் இன்னும் எளிதாகச் சுற்றும். டயரோடு ட்யூபும் சுற்றும், வால்வு மட்டும் சக்கரத்தின் ஓட்டையில் மாட்டிக்கொண்டு சாயும். நீங்கள் பார்த்தது அதுதான். இன்னும் இரண்டு பிரேக் பிடித்திருந்தால் வால்வு அடியோடு கிழிந்திருக்கும், அதுவும் ஓடுபாதையின் நடுவில். அந்த ட்யூப் முடிந்தது. ஒட்டுப்போட நினைக்காதீர்கள்.

42 எங்கிருந்து வந்தது? அது பின்னால் வந்த 172 எஸ் மாடலின் எண். அதில் மெயின் 42, மூக்கு 45. உங்கள் எம்முக்குக் கையேட்டில் மெயின் 6.00-6க்கு 29, மூக்கு 5.00-5க்கு 31. இணையத்தில் ‘172’ என்று தேடினால் முதலில் எஸ் வந்து நிற்கிறது, நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். உங்கள் விமானத்தின் கையேட்டைத் திறந்து அந்த எண்ணைச் சக்கரக் கவசத்துக்குள் பெயிண்டால் எழுதிவிடுங்கள்.

காற்று இறங்குவதற்கு நான் பார்க்கிற வரிசை: வால்வு ஊசி, ட்யூப், சக்கரத்தின் உள்முகம். ஊசியில் ஒரு சொட்டு சோப்பு நுரை வைத்தால் அரை நிமிடத்தில் தெரியும். ட்யூபை வெளியே எடுத்து உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் ஊதித் தண்ணீரில் அமுக்குங்கள். ஐஸ் மீன் பெட்டி ஒன்று போதும், 6.00-6 ட்யூப் அதில் பாதிப் பாதியாகத் திருப்பி அமுக்க அடங்கும். பழைய ட்யூப் ஓடி ஓடி நீண்டிருக்கும். புது டயருக்குள் அது மடிப்பு விழுந்துதான் உட்காரும், அந்த மடிப்பே தேய்ந்து ஓட்டையாகும். புது டயருக்குப் புது ட்யூப். பியூட்டைல் ரப்பர் ட்யூபாகக் கேளுங்கள், இயற்கை ரப்பரைவிடக் காற்றை வெகுநாள் பிடித்துவைக்கும்.

சக்கரத்தின் உள்முகம் இந்தக் கரையில் முக்கியம். இரண்டு பாதியும் சேருகிற விளிம்பில் உப்பு அரித்துச் சின்னச் சின்னப் பல்லாக நிற்கும். விரலை வைத்து ஓட்டினால் நகத்தில் தட்டும். அங்கேதான் ட்யூப் உட்காருகிறது. லேசாகத் தேய்த்து மழமழப்பாக்கி, ப்ரைமர் அடித்துக் காயவிட்டுப் பிறகு மாட்ட வேண்டும். குழி ஆழமாக இருந்தால் அந்தப் பாதியை மாற்றுவதுதான் வழி. இம்பாக்ட் கன் பட்டதால் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) போட்டு விரிசல் பாருங்கள். போல்ட்டும் நட்டும் புதிதாகவே போடுங்கள், இழுபட்ட போல்ட்டை நம்ப முடியாது.

மாட்டுகிற முறை: பிரிக்கும் முன் வால்வு ஊசியையே கழற்றிக் காற்று முழுக்கப் போய்விட்டதை உறுதிசெய்யுங்கள். காற்றோடு நட்டைத் தளர்த்தினால் சக்கரப் பாதி முகத்தில் வந்து அடிக்கும், உயிர் போயிருக்கிறது. டயருக்குள் டால்க் பவுடர் லேசாகத் தூவுங்கள், குவியலாக வேண்டாம். டயரின் சிவப்புப் புள்ளி அதன் லேசான பக்கம், ட்யூபின் மஞ்சள் கோடு அதன் கனமான பக்கம், இரண்டையும் நேர்சேருங்கள். மஞ்சள் கோடு இல்லாத ட்யூபானால் வால்வைச் சிவப்புப் புள்ளிக்கு நேரே வையுங்கள். பீடும் சக்கரமும் காய்ந்து சுத்தமாக இருக்கட்டும். இரண்டு பாதிக்கும் நடுவே ட்யூப் நசுங்கவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும். டார்க் எவ்வளவு என்பது சக்கரத்தின் மேல் உள்ள தகட்டிலேயே இருக்கும். அது இஞ்ச்-பவுண்ட். அடி-பவுண்ட் ரெஞ்சில் அதே எண்ணை வைத்தால் பன்னிரண்டு மடங்கு. குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் ஏற்றுங்கள்.

பீடு உட்காரும்வரை காற்று ஏற்றி, முழுக்க இறக்கி, மறுபடி 29க்கு ஏற்றுங்கள். அப்போதுதான் ட்யூப் மடிப்பு நிமிரும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் கொஞ்சம் குறைந்திருக்கும். புது நைலான் விரிகிறது, ட்யூபுக்கும் டயருக்கும் நடுவே சிக்கிய காற்று வெளியேறுகிறது. 10 சதவீதம் வரை குறைந்தால் பதற வேண்டாம், ஏற்றிவிட்டு மறுநாளும் பாருங்கள். அளப்பது விடிகாலையில், டயர் ஆறியிருக்கும்போது. வெயிலில் 3 டிகிரி ஏறினால் காற்று சுமார் 1 சதவீதம் கூடும், நம் ஊர் மதிய வெயிலில் அளந்த எண் பொய் சொல்லும். கடைசியாக டயரையும் சக்கரத்தையும் தொடுகிற மாதிரி ஒரு இஞ்சு அகலத்தில் சிவப்புக் கோடு போடுங்கள். கோடு உடைந்திருந்தால் டயர் சுற்றியிருக்கிறது.

சீலன்ட் வேண்டவே வேண்டாம். அடியில் தேங்கி பாலன்ஸ் கெடும், சக்கரம் மெக்னீசியமாக இருந்தால் அரிக்கும். முள்ளுக்கு வழி, நிறுத்துகிற இடத்தைக் கூட்டிவிடுவதும், டாக்ஸிவே ஓரத்தை ஒட்டி ஓட்டாததும்தான். 6 பிளை பக்கவாட்டில் கொஞ்சம் விறைப்பு, எடையும் கூடுதல், முள்ளுக்கு ஓரளவு தாங்கும், உங்கள் ஏ.எம்.இ. பார்ட்ஸ் கேட்டலாக்கைப் பார்த்துச் சரி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். 7.00-6 வேறு கதை. அளவு மாறினால் அதற்கான அனுமதி வேண்டும், சக்கரக் கவசம் உரசும், விமானம் நிற்கிற சாய்வும் மாறும். இருக்கிற ஓடுபாதை தார்தானே, எதற்கு?

கீழக்கரை172:

சோப்பு, இம்பாக்ட் கன் இரண்டும் உண்மை. ஏ.எம்.இ. திரும்பிவிட்டார், நீங்கள் எழுதியதைவிட மோசமாகவே திட்டினார். இரண்டு சக்கரமும் பிரித்தாகிவிட்டது. இடது ட்யூபில் வால்வின் அடியில் பாதிச் சுற்று கிழிசல். அதே சக்கரத்தின் சேருமிடத்தில் நகத்தில் தட்டுகிற பல் இரண்டு. விரிசல் இல்லை. புது ட்யூப், போல்ட் ஆர்டர் போட்டாச்சு.

விளக்கு: பழைய 4509 மாட்டி அளந்தோம். பிளஸ் பக்கம் 0.3 வோல்ட், மைனஸ் பக்கம் 1.4. எர்த் போல்ட்டைக் கழற்றினால் லக்குக்கு அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. சுத்தம் செய்து புது லக் போட்ட பிறகு மைனஸ் 0.1. எல்.இ.டி. மாட்டி 2,000 ஆர்.பி.எம். வரை போனோம், சிமிட்டல் இல்லை. ரேடியோ இரைச்சல் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை.

உச்சிப்புளிக்காரர்:

நல்லது. அந்த லக் சேருமிடத்தில் தகடு பளபளவென்று தெரியும்வரை சுரண்டியிருக்க வேண்டும், இறுக்கிய பிறகு வெளியே சுற்றிலும் சீல் அடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாடைக்காற்றுக்குள் சுண்ணாம்பு திரும்பிவிடும். மில்லி-ஓம் மீட்டர் கிடைத்தால் லக்குக்கும் பாடிக்கும் நடுவில் 0.003 ஓமுக்குக் கீழே இருக்கிறதா பாருங்கள்.

இரைச்சலுக்கு முதலில் யார் குற்றவாளி என்று பிரியுங்கள். என்ஜின் ஆஃப், ஸ்குவெல்ச்சைத் திறந்துவிட்டு விளக்கை ஆன்-ஆஃப் செய்யுங்கள். விளக்கோடு சேர்ந்து இரைச்சல் வந்து போனால் டிரைவர். ஆர்.பி.எம். ஏற ஏற சுருதி ஏறினால் ஆல்டர்னேட்டர் அல்லது மேக்னெட்டோ, விளக்கைக் குறை சொல்லாதீர்கள். டிரைவர்தான் என்றால்: விளக்குக்குப் போகிற வயர் ஒன்று, திரும்புவது பாடி வழியாக என்றுதானே இப்போது இருக்கிறது? அந்தப் பெரிய வளையமே ஆன்டெனா மாதிரி வேலை செய்கிறது. எர்த் வயரையும் பிளஸோடு முறுக்கி ஃபயர்வால் (என்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடு) வரை ஒன்றாகக் கொண்டுபோங்கள். ஷீல்டு வயர் போட்டால் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். விளக்கின் பின்னால் நான்கு விரல் தூரத்துக்குள் ஃபெர்ரைட் (வயரில் வரும் இரைச்சலை அடக்கும் வளையம்) ஒன்று, அதிர்வில் ஆடாதபடி கட்டி. ஷீல்டோ ஃபெர்ரைட்டோ, கை வைக்கும் முன் எஸ்.டி.சி. காகிதத்தில் வயரிங் பற்றி என்ன இருக்கிறது என்று ஏ.எம்.இ. படித்துவிடட்டும்.

அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் இறக்கை மேலுள்ள காம் (பேச்சு ரேடியோ) ஆன்டெனாவின் அடிப்பகுதியைத் திறந்து பாருங்கள். 14 மாதம் உப்புக்காற்றில் நின்ற விமானத்தில் விளக்கின் எர்த் லக் மட்டும்தான் பூத்தது என்று நான் நம்பமாட்டேன்.

கீழக்கரை172:

ஆன்டெனா அடியில் நான்கு திருகு. மூன்றைக் கழற்றியாச்சு, நான்காவது உடைந்தே வந்தது. உள்ளே அதே சுண்ணாம்பு, அண்ணே.