போட்டிருந்தது 89, கட்டியது 138: ஆர்வி குடும்ப முகாம்களில் உங்கள் கணக்கு என்ன?

சக்கரவீடு (ஒஹாயோ)

போன ஜூன் தொடக்கத்தில் டென்னஸி பக்கம் ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவுக்குப் போய் வந்த செலவை நேற்றுதான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். எங்களுடையது 24 அடி ட்ரெய்லர், வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற வீடு, ஆர்வி என்கிறார்களே அதில் ஒரு வகை. நானும் மனைவியும், பிள்ளைகள் இரண்டு பேர், என் அப்பா அம்மா. நான்கு ராத்திரி, இரண்டு இடம்.

முதல் இரண்டு ராத்திரி பிஜன் ஃபோர்ஜ் பக்கம் ஒரு குடும்ப முகாம். பெயர் வேண்டாம். இணையத்தில் 89 டாலர் என்று போட்டிருந்தது. தண்ணீர், கரண்ட், சூவர் (கழிவுநீர்க் குழாய்) மூன்றும் சைட்டிலேயே, அதாவது வண்டியை நிறுத்தும் இடத்திலேயே. நீச்சல் குளம், சறுக்கு, சனிக்கிழமை மாலை மைதானத்தில் சினிமா. வெள்ளி, சனி இரண்டுக்கும் 178 என்று மனதுக்குள் கணக்கை முடித்துவிட்டேன். பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டியது. ரிசார்ட் கட்டணம் நாளைக்கு 8, ஆக 16. வரைபடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்த சைட்டே வேண்டும் என்றால் 'சைட் லாக்' 25. நான்கு பேருக்கு மேல் ஆளுக்கு ராத்திரிக்கு 7, அப்பா அம்மாவுக்கு 28. வரி 30. மொத்தம் 277. ராத்திரிக்கு 138 டாலர் 50 சென்ட்.

அந்த 25 டாலர் ஒரு மரத்துக்காகக் கட்டியது. மரம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அதன் நிழல்தான் பகல் முழுக்கப் பக்கத்து சைட்டில் விழுந்துகொண்டிருந்தது.

வெள்ளி இரவு 8 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பூங்காவில் உள்ள கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்குக்குக் கிளம்பினோம். அது 11 மைல் வளையச் சாலை. எங்கேயோ ஒரு கரடி தெரிந்தால் போதும், முன்னால் போகிற கார் எல்லாம் அப்படியே நிற்கும். திரும்பி வரும்போது மாலை 7. குளம் 8 மணிக்கு மூடுகிறார்கள். பிள்ளைகள் உடை மாற்றிக்கொண்டு ஓடி, தண்ணீரில் இருந்தது 40 நிமிஷம்.

ஞாயிறு, திங்கள் இரண்டு ராத்திரியும் பூங்காவுக்குள்ளேயே எல்க்மான்ட் முகாம். ராத்திரிக்கு 30 டாலர். கரண்ட் கிடையாது, ஷவர் கிடையாது, தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு போக வேண்டும். ஆனால் லிட்டில் ரிவர் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. சின்னவள் காலையில் செருப்பைக் கழற்றியவள், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை கூழாங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணைகிற பருவம் வேறு. வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்குக் குலுக்கலில் அனுமதி விழ வேண்டும். அங்கேயே தங்கியிருந்த நாங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனோம்.

இப்போது என் கேள்வி. பெரிய ரேட் போடுகிற இடங்கள் எல்லாமே ஏமாற்றுதானா? உங்கள் அனுபவத்தை, எண்ணோடு, சொல்லுங்கள்.

ஏரிக்கரை அம்மா (விஸ்கான்சின்)

அண்ணா, தப்பு அந்த இடத்து மேல மட்டும் இல்ல. நீங்க தங்குற இடத்துல இருக்கவே இல்லையே!

எங்க கதை நேர் எதிர். போன ஜூலையில கார்ட்டூன்ல வர்ற யோகி கரடி வேஷம் போட்டு ஆள் சுத்துற ஜெல்லிஸ்டோன் முகாம் ஒண்ணுல மூணு ராத்திரி. எல்லாம் சேர்த்து ராத்திரிக்கு 112. என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போச்சு. ஆனா உள்ள நுழைஞ்சதுக்கு அப்புறம் மூணு நாளும் வண்டிச் சாவியை நாங்க கையில எடுக்கல. காலையில பாசாங்குக் கரடியோட டான்ஸ், அப்புறம் தண்ணி விளையாட்டு, மதியம் தூக்கம், திரும்பத் தண்ணி. ஆறு வயசுக்கும் ஒன்பது வயசுக்கும் வேற என்ன வேணும்? ட்ரெய்லர் இழுக்குற எங்க ட்ரக் காலனுக்கு 10 மைல்தான் குடுக்கும். அது சும்மா நின்னதே ஒரு லாபம்.

அதுக்கு முந்தின வருஷம் 38 டாலருக்கு ஒரு இடம் பிடிச்சோம். பார்க்க வேண்டியது எல்லாம் அங்கிருந்து 45 மைல். ராத்திரி வந்து விழுந்து, காலையில எழுந்து ஓடுறதுதான் வேலை. முழிச்சிருந்து அந்த சைட்டுல இருந்தது நாளைக்கு மூணு மணி நேரம்.

அதுலேர்ந்து நான் இப்படித்தான் வகுத்துப் பார்க்கிறேன்: கட்டின காசை, அந்த இடத்துல கண் முழிச்சிருந்த மணி நேரத்தால. 112-ஐ 14 மணி நேரத்தால வகுத்தா 8 டாலர். 38-ஐ மூணால வகுத்தா 12 டாலருக்கு மேல. எது மலிவு, நீங்களே சொல்லுங்க.

ஊர்சுத்தி (மொன்டானா)

அக்கா சொன்ன கணக்கு எனக்குப் பிடிச்சிருக்கு. கேஓஏங்கிற பெரிய முகாம் கம்பெனிக்காரங்களும் தங்கள் இடங்களை ஏறக்குறைய இப்படித்தான் மூணாப் பிரிச்சிருக்காங்க. ஜர்னி, ஹாலிடே, ரிசார்ட். ஜர்னின்னா நெடுஞ்சாலைப் பக்கத்துல, ராத்திரி வந்து காலையில போறவங்களுக்கு. புல்-த்ரூ சைட், வண்டியைப் பின்னால எடுக்கவே வேண்டாம், நேரா உள்ள போய் நேரா வெளிய வரலாம். பத்து மணி நேரம் ஓட்டிட்டு வந்த ராத்திரியில நான் ரிசார்ட் பக்கம் தலைவச்சுப் படுக்கிறதே இல்லை. தூங்குறதுக்கு எதுக்கு சறுக்கு?

ஒரு கொசுறு. அந்த கேஓஏ 1962-ல எங்க ஊர்ப் பக்கம் பில்லிங்ஸ்ல, யெல்லோஸ்டோன் ஆத்தங்கரையில ஆரம்பிச்சது. சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போறவங்க வழியில தங்க இடமில்லாம நின்னாங்களாம். மேஜை, அடுப்பு வளையம், வெந்நீர் ஷவர், சின்னக் கடை, எல்லாத்துக்கும் சேர்த்து ராத்திரிக்கு 1 டாலர் 75 சென்ட். சைட் லாக் கிடையாது 😀

முப்பது ஆம்ப் (டெக்சாஸ்)

ரேட்டைப் பேசுறவங்க கரண்டைப் பேச மாட்டேங்கிறீங்க. ஆகஸ்ட்ல டெக்சாஸ்ல கரண்டுதான் ரேட்டு.

ஒரு முகாம்ல 30 ஆம்ப் சைட் 42, 50 ஆம்ப் சைட் 54. நம்ம ட்ரெய்லர் பிளக்கே 30 ஆம்ப்தான். கவுண்டர்ல இருந்தவர் "50 எடுத்துக்கோங்க, ஏசி நல்லா ஓடும்"னார். நம்பி எடுத்தேன். அப்புறம் அடாப்டர் மாட்டித்தான் 30-ஐச் சொருகணும். சைட்டுல இருக்கிற கரண்ட் கம்பத்துல எவ்வளவு இருந்தா என்ன, வண்டிக்குள்ள வர்றது அதே 30 ஆம்ப், 120 வோல்ட், 3,600 வாட். பன்னிரண்டு டாலர் காத்துல போச்சு. கூரையில ரெண்டு ஏசி வச்சிருக்கிற பெரிய வண்டிக்காரங்க 50 எடுக்கணும், அதுல மறுபேச்சில்லை. அங்க ரெண்டு கம்பியிலயும் சேர்த்து 12,000 வாட் வரும்.

அந்த 3,600-ஐக் கத்துக்கிட்ட விதம் இது. வெளிய வெயில் கொளுத்துது. ஏசி ஓடுது, 1,500 வாட்டுக்கு மேல. வாட்டர் ஹீட்டரை யாரோ கரண்ட்ல போட்டு வச்சிருக்காங்க, அது 1,400. என் மனைவி குக்கர்ல அரிசியை வச்சு சுவிட்சைத் தட்டினா, டக்! எல்லாம் நின்னுபோச்சு. அந்த அமைதி இருக்கே, அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. வெறுங்காலோட ஓடிப் போய் கம்பத்துல பார்க்கிறேன், அங்க பிரேக்கர் விழல. வண்டிக்குள்ள மெயின்தான் விழுந்திருக்கு. டார்ச் அடிச்சு அதைத் தேடி எடுக்கிறதுக்குள்ள உள்ள சூடு ஏறிப்போச்சு. இப்போ ஹீட்டரை கேஸ்ல போட்டுட்டுத்தான் சமையல்.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி உங்க பிளக்குல எத்தனை முள்ளுன்னு எண்ணுங்க. மூணு இருந்தா 30, நாலு இருந்தா 50.

அப்பாவின் கார்டு (ஜார்ஜியா)

எங்க வீட்டுல மலிவுக்குக் காரணம் அப்பா. வயசு 67, கிரீன் கார்டு இருக்கு. 62 வயசு ஆன குடிமக்களும் நிரந்தரமா வசிக்கிற உரிமை (கிரீன் கார்டு) உள்ளவங்களும் தேசியப் பூங்காக்களோட சீனியர் பாஸ் வாங்கலாம். ஆயுசுக்கும் ஒரே தடவை 80 டாலர், இல்லைன்னா வருஷத்துக்கு 20. நுழைவு மட்டும் இல்லை, மத்திய அரசு நடத்துற நிறைய முகாம்கள்ல சைட் கட்டணம் பாதி. ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ்ங்கிற ராணுவப் பொறியாளர் பிரிவு ஏரிக்கரையில நடத்துற முகாம்களும் இதுல வரும். லேனியர் ஏரியில நாங்க அப்படித்தான் தங்குறோம். சைட்டுல தண்ணியும் கரண்டும் உண்டு, வாசல்ல ஏரி. அஞ்சாறு ராத்திரியிலயே பாஸ் போட்ட காசு திரும்பிடுச்சு.

ரெண்டு விஷயம். பாஸ் வச்சிருக்கிறவர் நேர்ல வரணும். விசிட்டர் விசாவுல வந்திருக்கிற மாமியாருக்குக் கிடைக்காது, என் வீட்டுல இது ஒரு வாரம் ஓடின பிரச்சினை. பூங்காவுக்குள்ளயே தனியார் நடத்துற இடங்கள்ல பாதி விலை இருக்கும்னு எண்ணிக்காதீங்க, கேட்டுட்டு புக் பண்ணுங்க.

போன தடவை அப்பா முதுகு வலி, வரலைன்னார். நாங்க எல்லாரும் சேர்ந்து கெஞ்சினோம். "நீங்க என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா, என் கார்டைக் கூட்டிட்டுப் போறீங்களா?"ன்னு கேட்டார். யாருக்கும் வாய் வரலை.

ஊர்சுத்தி (மொன்டானா)

😀😀 அப்பாவுக்கு நிழல் இருக்கிற சைட்டா போடுங்க.

வாடகை வண்டி (நியூ ஜெர்சி)

சொந்த வண்டி இல்லாதவங்க சார்பா ஒரு வார்த்தை. எங்களுக்கு வண்டி வாடகையே மைல் கணக்குல. தூரமா, மலிவா ஒரு சைட் பிடிச்சா மைல் காசு அதைத் தின்னுடும். ஜெனரேட்டர் ஓட்டினா மணிக்கு இவ்வளவுன்னு அதுக்கும் தனி மீட்டர். அதனால எங்களுக்கு எப்பவும் ஹூக்கப் (தண்ணி, கரண்ட் இணைப்பு) உள்ள, பக்கத்துல இருக்கிற இடம்தான், ரேட் கொஞ்சம் கூட இருந்தாலும்.

அப்புறம், 50 சதவீதம் தள்ளுபடின்னு பாஸ்போர்ட் அமெரிக்கா அட்டை வாங்கினேன். பல இடங்கள்ல வெள்ளி சனி கிடையாது, விடுமுறை வாரம் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு மிச்சம் என்ன இருக்கு? ரிட்டயர் ஆனவங்களுக்கு அது தங்கம். குட் சாம் அட்டை 10 சதவீதம்தான், ஆனா எனக்கு அதுதான் அதிகம் உதவிச்சு.

ஏரிக்கரை அம்மா (விஸ்கான்சின்)

இன்னொண்ணு விட்டுட்டேன். செப்டம்பர் தொடக்கத்துல லேபர் டே போனதும் ரேட் சட்டுன்னு இறங்கும், பார்த்துட்டுக் குதிக்காதீங்க. வடக்குல அதோட வெளிக்குளத்தையும் மூடிடுவாங்க. குளம் திறந்திருக்கான்னு போன் போட்டுக் கேட்டுட்டு காசு கட்டுங்க. மே கடைசியில வர்ற மெமோரியல் டே, ஜூலை 4 வாரத்துல மூணு ராத்திரி கட்டாயம்னு வைப்பாங்க, அதையும் பாருங்க.

கடற்கரை மாமா (ஃப்ளோரிடா)

மாநிலப் பூங்காக்களை யாருமே சொல்லலையே. ஃப்ளோரிடாவில் தண்ணீரும் கரண்டும் உள்ள சைட், கடற்கரைக்கு நடக்கிற தூரத்தில், தனியாரைவிடப் பல மடங்கு மலிவு. சிக்கல் கிடைப்பதுதான். 2024-லிருந்து உள்ளூர்க்காரர்கள் 11 மாதம் முன்பே பதியலாம், வெளி மாநிலத்தார் 10 மாதம். அந்த ஒரு மாத இடைவெளியில் நல்லதெல்லாம் போய்விடும். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் வார நடுவில் பாருங்கள்.

மணி நேரக் கணக்கு போட்டவருக்கு: அதில் குளியலறையை எப்படிச் சேர்ப்பீர்கள்? வயதானவர்களோடு போனால் சுத்தமான, வெந்நீர் வருகிற ஷவர் எத்தனை டாலர் பெறும் என்று எனக்குத் தெரியும். நான் புக் பண்ணும் முன் குளத்தின் படத்தைப் பார்ப்பதில்லை. கழிவறையைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கிறேன்.

சக்கரவீடு (ஒஹாயோ)

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரி வகுத்துப் பார்த்தேன். முதல் இடத்தில் வெள்ளி இரவு இரண்டரை, சனி காலை ஒன்றரை, மாலை மூன்று, ஞாயிறு காலை நான்கு, ஆக விழித்திருந்தது 11 மணி நேரம். 277-ஐ 11 ஆல் வகுத்தால் மணிக்கு 25 டாலர். எல்க்மான்டில் 60 டாலருக்கு 27 மணி நேரம், மணிக்கு 2 டாலர் 22 சென்ட். அந்தக் குளம் உள்ள இடத்தில் வெள்ளி, சனிக்குப் பதில் திங்களும் செவ்வாயும் ஊர் சுற்றாமல் இருந்திருந்தால் இந்த வயிற்றெரிச்சல் இருந்திருக்காது என்பது இப்போது உறைக்கிறது.

மாமா சொன்ன ஷவர் விஷயமும் உண்மை. எல்க்மான்டில் ட்ரெய்லருக்குள் ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று அம்மாவுக்கே நேரம் வைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் முக்கால் மணி நேரம் குளித்தாள்.

அடுத்த ஜூனுக்கு இப்படி யோசிக்கிறேன். போகிற வழி ராத்திரிக்கு நெடுஞ்சாலையோரம் ஏதாவது ஒரு புல்-த்ரூ. பிறகு ஆற்றங்கரையில் இரண்டு. கடைசியில் குளம், சறுக்கு, வெந்நீர் எல்லாம் உள்ள இடத்தில் திங்கள் முதல் புதன்வரை, வார நடு ரேட்டில், வண்டியை எடுக்காமல். சைட் லாக் போடப் போவதில்லை.

சின்னவள் ஒரே இடமாக ஆறும் சறுக்கும் சேர்ந்து இருக்காதா என்கிறாள். டென்னஸியிலோ வட கரோலினாவிலோ அப்படி ஒன்று தெரிந்தவர்கள், ரேட்டோடு எழுதுங்கள். சாயங்காலம் நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதையும்.