விசிறி டிரைவ் ஓடும்போது மீட்டர்கள் விட்டுப்போகின்றன: கேபிளை மாற்ற வேண்டுமா?

கேள்வி (பல்லடம்):
வணக்கம். எங்கள் நூற்பாலையில் 22 ரிங் பிரேம்களின் (நூல் நூற்கும் இயந்திரங்களின்) மின்மீட்டர்களை ஒரே ஆர்எஸ்-485 (இரு கம்பிகளில் தகவல் அனுப்பும் முறை) கேபிளில் வரிசையாகக் கோத்து, வினாடிக்கு 19200 பிட் வேகத்தில், மோட்பஸ் என்னும் தகவல் பரிமாற்ற முறை வழியே அலுவலகக் கணினியுடன் இணைத்திருக்கிறோம். ஹியூமிடிபிகேஷன் (காற்றில் ஈரப்பதம் சேர்க்கும்) விசிறிகளின் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஓடத் தொடங்கியதும் கடைசி 8 மீட்டர்கள் விட்டு விட்டுப் பதில் தராமல் போகின்றன. விசிறிகளை நிறுத்தினால் அனைத்தும் ஒழுங்காக இருக்கின்றன. கேபிள் ஷீல்டு (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ளதுதான் என்றாலும், அந்த டிரைவின் மோட்டார் கேபிளுடன் ஒரே டிரேயில் ஏறத்தாழ 40 மீட்டர் தூரம் செல்கிறது. விலை கூடிய கேபிள் வாங்கினால் தீருமா?

மறுமொழி 1 (பீளமேடு):
கேபிளுக்குச் செலவழிக்கும் முன் அந்த 40 மீட்டரைக் கவனியுங்கள். டிரைவ் வினாடிக்குப் பல ஆயிரம் முறை மின்னழுத்தத்தை வெட்டி வெட்டியே மோட்டாருக்குத் தருகிறது. ஒவ்வொரு வெட்டிலும் மின்னழுத்தம் ஒரு மைக்ரோவினாடிக்கும் குறைவான நேரத்தில் ஏறி இறங்குவதால், பக்கத்தில் இணையாகச் செல்லும் கம்பி அந்த மின் இரைச்சலை வாங்கிக்கொள்கிறது. தகவல் கேபிளைத் தனி டிரேக்கு மாற்றி, குறைந்தது 200 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

மறுமொழி 2 (பெருந்துறை):
கடைசி வரியில் மட்டும் நண்பருடன் எனக்கு உடன்பாடில்லை. ஒரு முனை எர்த் என்பது சாதாரண மின்விநியோகத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்குப் பொருந்தும். டிரைவின் உயர் அதிர்வெண் இரைச்சலுக்கு இரு முனைகளிலும் எர்த் தேவை. ஆனால் இரு பேனல்களின் எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால் ஷீல்டு வழியாகவே மின்னோட்டம் பாயும் என்பதால், முதலில் பேனல்களைத் தடித்த செம்புக் கம்பியால் பிணைத்துவிட வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் பலர் ஷீல்டைச் சடைபோல் முறுக்கி, ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துத் திருகில் மாட்டுகிறார்கள். உயர் அதிர்வெண்ணில் அந்தச் சடையே தடையாகிவிடும். மேலுறையைச் சீவி, ஷீல்டைச் சுற்றிலும் கவ்வும் கிளாம்பை, பெயிண்ட் சுரண்டிய தகட்டில் பொருத்துங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு தகவல் கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள். கேபிளின் இரு கடைசி முனைகளிலும் 120 ஓம் மின்தடை (சிக்னல் எதிரொலிக்காமல் தடுப்பது) இருந்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர் (பல்லடம்):
அளந்தேன் ஐயா, 41 காட்டியது. மூன்றாவதாக ஒரு 120 ஓம் எங்கோ இருக்கிறது என்று ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்ததில், 14ஆவது மீட்டரில் அது அகப்பட்டது. முன்பு 14 பிரேம்களே இருந்தபோது அதுதான் கடைசி. பிறகு 8 பிரேம்களைச் சேர்த்தவர்கள் அதைக் கழற்ற மறந்துவிட்டார்கள். கழற்றியதும் 62 காட்டுகிறது. கேபிளையும் தற்காலிகமாக வேறு வழியில் இழுத்துவிட்டோம். நேற்று இரவு ஷிப்ட் முழுவதும் 22ஆவது மீட்டர் மட்டுமே இரண்டு முறை விட்டது. அந்தப் பெட்டியில் நீங்கள் சொன்ன சடை அப்படியே தொங்குகிறது. வார விடுமுறையில் கிளாம்ப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.