ஆன்டிவைரஸை எடுத்துவிட்டால் கடைக் கம்ப்யூட்டர் வேகமாகுமா?

கும்பகோணம் டிடிபி:
சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பழசு: நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துத் திரும்பினாலும் டிசைன் செய்யும் கோரல்டிரா திறந்திருக்காது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கு வந்தவர்கள் முன்னால் மவுஸை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருஷம் சர்வீஸுக்கு வந்தவர் காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டார். முன்பே இருந்த இலவசத்தை எடுக்கவில்லை போலிருக்கிறது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஐகானும் இருக்கின்றன. மொத்தமாக எடுத்துவிடலாமா என்றால் பயம். தினமும் இருபது முப்பது பென்டிரைவ் வரும், பாதி காலேஜ் பிள்ளைகளுடையது. ஷார்ட்கட் வைரஸில் ஒருமுறை ஒரு வாரத்து வேலை கண்ணில் படாமல் போய், அழாத குறை.

பழைய மெக்கானிக்:
அண்ணே, இரண்டு ஐகான் என்றீர்களே, கோளாறு அங்கேதான். ஒரு ஃபைல் திறக்கும்போது ஆன்டிவைரஸ் குறுக்கே வந்து பார்க்கும். அது விடும்வரை புரோகிராம் காத்திருக்கும். இரண்டு போட்டால் ஒரே ஃபைலுக்கு இரண்டு சோதனை. போதாததற்கு ஒன்றின் வேலையை மற்றது சந்தேகப்படும். ஹார்டு டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் சின்ன ஃபைல்களை எடுக்க உள்ளே படிக்கும் முள் இங்கும் அங்கும் ஓட வேண்டும், நொடிக்கு நூறு தடவை ஓடினாலே அதிகம். அதனால்தான் சிபியூ சும்மா இருக்கும்போதும் டிஸ்க் மட்டும் திணறுகிறது.

இரண்டையும் எடுங்கள். வழக்கமான அன்இன்ஸ்டாலில் மிச்சம் தங்கலாம், பல கம்பெனிகள் அதற்கென்றே தனி டூல் தருகின்றன. ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். வேறு ஆன்டிவைரஸ் இருந்ததால்தான் இத்தனை நாள் அது ஒதுங்கியிருந்தது.

எழுத்துருப் பைத்தியம்:
பழியெல்லாம் ஆன்டிவைரஸ் தலையில் போடாதீர்கள். ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் எத்தனை இருக்கின்றன? யாரோ கொடுத்த சிடியை அப்படியே கொட்டி வைத்திருப்பீர்கள். நானும் செய்திருக்கிறேன். கோரல் திறக்கும்போது அத்தனையையும் பட்டியல் போட வேண்டும்.

கும்பகோணம் டிடிபி:
எண்ணிப் பார்த்தேன், 2,300! பயன்படுத்துவது முப்பதைத் தாண்டாது. மற்றதைத் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டேன். இரண்டு ஆன்டிவைரஸும் போயின. ஆறு நிமிடம் ஆனது இப்போது மூன்றுக்குள் வருகிறது. ஆனால் மதியம் திடீரென்று எல்லாம் உறைந்துபோனது. டாஸ்க் மேனேஜரில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' மேலே நிற்கிறது. டி டிரைவ் முழுவதையும் பார்க்காதே என்று சொல்லிவிடலாமா?

பழைய மெக்கானிக்:
அதுதான் டிஃபெண்டர், ஸ்கேன் ஓடியிருக்கும். சிபியூவில் சராசரியாக 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, ஆனால் டிஸ்க்குக்கு அது பொருந்தாது. டாஸ்க் ஷெட்யூலரில் 'விண்டோஸ் டிஃபெண்டர் ஷெட்யூல்டு ஸ்கேன்' இருக்கும். கடை சாத்திச் சாப்பிடப் போகும் நேரத்துக்கு அதை மாற்றுங்கள், கம்ப்யூட்டரை மட்டும் அணைக்காமல் போங்கள்.

டி டிரைவ் விஷயத்தில் வேண்டவே வேண்டாம். வாடிக்கையாளர் ஃபைலெல்லாம் அங்கேதானே காப்பி ஆகிறது? விலக்குத் தர வேண்டுமென்றால் நீங்களே செய்த பழைய டிசைன்கள் இருக்கும் ஃபோல்டர் ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். இன்னொன்று, ஃபுல் ஸ்கேன் கூடப் பென்டிரைவைத் தானாகப் பார்க்காது. செருகியதும் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுத்துவிட்டுத் திறங்கள்.

அப்புறம், எஸ்எஸ்டி, அதாவது முள் இல்லாத வேகமான டிஸ்க் ஒன்று போடுங்கள், 240 ஜிபி போதும். ஆனால் உங்கள் ஐ3, விண்டோஸ் 11 கேட்கும் பிராசஸர் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும்.

கும்பகோணம் டிடிபி:
ஸ்கேனை இரண்டரை மணிக்கு மாற்றிவிட்டேன். எஸ்எஸ்டி, இந்த முகூர்த்தம் முடிந்ததும். இன்று ஒரு பையனின் பென்டிரைவில் டிஃபெண்டர் எதையோ பிடித்தது. காட்டினால், "எங்க வீட்டு சிஸ்டத்துல நல்லா ஓடுச்சே அண்ணா, உங்க சிஸ்டம்தான் சரியில்ல" என்கிறான்.