மீதி 60 பேர் எங்கேயிருந்து வந்தாங்க?

தருமபுரியிலிருந்து:
ஆய்வின் புள்ளியியல் கணக்கில் நான் மாட்டிக்கொண்டது எம்.எஸ்சி நர்சிங் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நடந்தது. பென்னாகரம் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு தொல்லை உண்டு. பிள்ளைகள் சிரித்தால் பல் கறை தெரியும். அதுபற்றி 60 தாய்மார்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, பதில்களுக்கு மதிப்பெண் போட்டேன். அப்புறம் படம் காட்டிப் பேசினேன். ஏழாம் நாள் திரும்பவும் அதே கேள்வித்தாள். வெயிலில் வீடு வீடாக அலைந்தது நான். கணக்கை மட்டும் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்துவிட்டேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், எக்ஸ்டர்னல் மேடம், அட்டவணையில் விரலை வைத்தார். "எத்தனை பேரும்மா?"

"60 பேர் மேடம்."

"டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 118னு போட்டிருக்கே. மீதி 60 பேர் எங்கேயிருந்து வந்தாங்க?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் முன் மதிப்பெண்ணை ஒரு குழு, பின் மதிப்பெண்ணை வேறொரு குழு என்று நினைத்து அன்பேர்டு டி டெஸ்ட் (இரு வேறு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) போட்டிருக்கிறார். டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்பது கணக்கில் சுதந்திரமாக மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை; அன்பேர்டில் அது 60+60-2 = 118. அதே ஆளை இரண்டு முறை அளந்தால் பேர்டு டி டெஸ்ட். 60-1, அதாவது 59தான் வர வேண்டும். ஒவ்வொரு தாய்க்கும் எவ்வளவு ஏறியது என்ற வித்தியாசத்தை மட்டுமே அது பார்க்கும். சரி செய்து போட்டபோது டி மதிப்பு முன்னைவிடப் பெரிதாக வந்தது. படித்த தாய், பள்ளிக்கே போகாத தாய் என்று ஆளுக்கு ஆள் இருந்த ஏற்றத்தாழ்வு கழித்தலிலேயே போய்விட்டது அல்லவா! நல்ல முடிவை நானே மங்கலாக்கி வைத்திருந்தேன்.

ஓசூரிலிருந்து:
அக்கா, எனக்குக் கை ஸ்கொயர் டெஸ்டில் (இரண்டு வகைப்பாடுகளுக்குத் தொடர்பு உண்டா என்று அட்டவணை போட்டுப் பார்க்கும் சோதனை) அடி. கட்டத்தில் 3 பேர்தான் இருக்கிறார்கள், ஐந்துக்குக் கீழே கூடாது என்று தோழி பயமுறுத்த, டெஸ்டையே நீக்கிவிட்டேன். பார்க்க வேண்டியது எண்ணிய ஆட்களை அல்ல, எதிர்பார்ப்பு எண்ணிக்கையை. வரிசைக் கூட்டல் 10, நிரல் கூட்டல் 18, மொத்தம் 60 என்றால் 10×18÷60 = 3. இப்படி எதிர்பார்ப்பு ஐந்துக்குக் கீழே வரும் கட்டங்கள் நிறைய இருந்தால்தான், கை ஸ்கொயருக்குப் பதில் ஃபிஷர் எக்ஸாக்ட் டெஸ்ட்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
என் ஆய்வில் வலி அளவுகோல், 0 முதல் 10 வரை. குழுவுக்கு 15 பேர்; முக்கால்வாசிப் பேர் 8, 9 என்றே சொன்னார்கள். மதிப்பெண் ஒரு பக்கமே குவிந்தால் டி டெஸ்ட் சரிப்படுமா என்று எனக்குச் சந்தேகம்; ஆய்வு வழிகாட்டியான கைடு டி டெஸ்ட்தான் வேண்டும் என்றார். இரு குழுக்களை மதிப்பெண்ணின் வரிசையை வைத்து ஒப்பிடும் மான்-விட்னி டெஸ்டும் போட்டுக் காட்டிய பிறகே இறங்கி வந்தார். அதே ஆட்களை இரண்டு முறை அளந்த பேர்டு என்றால் அந்த இடத்தில் வில்காக்ஸன் டெஸ்ட். டி டெஸ்டை 1908இல் எழுதிய கோசெட் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர், தெரியுமா? அதைச் சொன்னதும்தான் கைடு சிரித்தார்.